தொட்டுத் தீர்த்தவர்கள்

கொள்ளிடத்தின் வடகரையில், ஆறு சற்றே வடக்கு நோக்கித் திரும்பும் இடத்தில், அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி அமைந்திருக்கிறது. மூவர் தேவாரமும் பெற்ற தலம். திருவாலம்பொழிலில் துயின்ற சுந்தரரின் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர மறந்தாயோ என்று இறைவனே கேட்டழைத்த ஊர். பங்குனியில் நடைபெறும் நந்தி திருக்கல்யாணத்தால் இன்றும் ஊர் நிறைந்து வழிகிறது. இங்குள்ள இறைவனின் பெயர் வைத்தியநாதர். சந்திரனின் பிணியைத் தீர்த்ததால் வந்த பெயர் என்று தலபுராணம் கூறும்.

இறைவனையே மருத்துவனாக நிறுத்திய ஊர் இது. இப்பெயரை வாயிலாகக் கொண்டு, மருத்துவத்தின் ஒரு பகுதியை, அதிகம் எழுதப்படாத ஒரு பகுதியை, இக்கட்டுரையில் பார்க்கலாம். மருந்தைக் கொடுப்பதன்று அது. உடம்பைத் தொட்டு, பிடித்து, நீவி, அழுத்தி நோயைத் தணிப்பது. இன்று நகரங்களில் 'மசாஜ்' என்று பலகை தொங்குகிறதே, அதன் தமிழ் முன்வரலாறு. அம்முறைக்குத் தமிழ் மருத்துவ நூல்கள் தரும் பெயர் 'தொக்கணம்'.

அதற்கு முன் திருமழபாடிக் கல்வெட்டு ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (1013) இக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். சுவர்களை இடிப்பதற்கு முன்பு, அவற்றில் இருந்த பழைய கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்தார்கள். முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (1026) அவை புதிய சுவர்களில் மீண்டும் வெட்டப்பட்டன. பத்தாண்டுக்கும் மேலாக ஒரு கோயிலின் நினைவு ஏட்டில் காத்திருந்து கல்லுக்குத் திரும்பியது. ஆவணத்தைக் காப்பதில் சோழர் காட்டிய இந்த அக்கறையை ஆய்வாளர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள்.

வியக்கத்தக்கதுதான். ஆனால் எழுதிக் காக்கத் தக்கது எது என்று ஒரு சமூகம் கருதியது என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது. நிலம், நெல், ஆடு, விளக்கு, பொன் ஆகியன கல்லில் ஏறின. கையின் வேலை ஏறவில்லை.

தொக்கணம் என்பது என்ன?

சித்த மருத்துவம் மருந்துகளை அகமருந்து 32, புறமருந்து 32 என்று வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, வேது, பொட்டணம் என்று தொடங்கும் புறமருந்துப் பட்டியலில் தொக்கணமும் ஒன்று. இங்குச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தொக்கணம் ஒரு பொருளன்று, செயல். எண்ணெய் இல்லாமலும் அதைச் செய்யலாம். ஆயினும் அதை 'மருந்து' என்றே நூலோர் எண்ணினர். கையும் ஒரு மருந்து என்பது அவர்கள் துணிபு. தத்துவ நூல்களில் தோலையும் ஊறு என்னும் புலனையும் குறிக்கும் 'தொக்கு' என்ற சொல்லோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவதுண்டு.

தொக்கணத்தில் ஒன்பது வகைச் செயல்கள் சொல்லப்படுகின்றன: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். ஒன்பதும் நாள்தோறும் நாம் பேசும் வினைகள். கலைச்சொல் என்று தோன்றாத கலைச்சொற்கள். உழவனும் தச்சனும் குயவனும் தம் தொழிலுக்குச் சொல்லும் சொற்களையே மருத்துவனும் எடுத்துக்கொண்டிருக்கிறான். வளி, அழல், ஐயம் என்னும் மூன்றில் வளி மிகுந்து உண்டாகும் பிடிப்பு, குத்தல், முடக்கம் ஆகியவற்றுக்கே தொக்கணம் முதன்மையாக உரியது.

முறையாகச் செய்யப்படும் தொக்கணம் எவ்வாறு நடக்கும்? முதலில் கேள்வி. எங்கே வலி, எப்போது மிகுகிறது, எப்போது உணவு உண்டீர், வேறு நோய் உண்டா என்று கேட்டு, நாடியும் பார்ப்பார்கள். வயிறு நிறைந்த உடனே செய்யமாட்டார்கள். காய்ச்சல், புண், எலும்பு முறிவு, தோலில் தொற்று, காலில் திடீர் வீக்கமும் சூடும் இருந்தால் தொடமாட்டார்கள். கருவுற்றவர்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. பிறகு நோய்க்கேற்ற எண்ணெய். உளுந்துத் தைலம், வாதகேசரித் தைலம், கற்பூராதித் தைலம், எரிச்சலுள்ள மூட்டுக்குப் பிண்டத் தைலம் என்று அது மாறும். இளஞ்சூடாக்கிய எண்ணெயை முதலில் பரவலாகப் பூசி, மெல்ல நீவி, தசை இளகிய பிறகே அழுத்தமும் முறுக்கலும் தொடங்கும். எலும்பு மேட்டில் அழுத்தம் கூடாது, சதைப்பற்றில் கூடும். மூட்டைச் சுற்றி வட்டமாகவும், கை கால்களில் நீளவாட்டிலும் கை செல்லும். வலி பொறுக்கவில்லை என்று சொன்னால் கை நிற்க வேண்டும். முடிந்ததும் சிறிது நேரம் கிடக்கவிட்டு, ஒற்றடமோ வேதோ கொடுத்து, வெந்நீரில் குளிக்கச் சொல்வார்கள். அன்று எளிய சூடான உணவு. பகல் உறக்கம் ஆகாது.

இவ்வளவும் படிக்கும்போது நம் வீடுகளின் எண்ணெய்க் குளியலே நினைவுக்கு வரும். அதில் வியப்பில்லை. தேரையரின் நோயணுகா விதி நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கை வலியுறுத்துகிறது. எள்ளின் நெய்யே எண்ணெய் என்பதையும், வடமொழியில் 'திலம்' என்ற எள்ளிலிருந்தே 'தைலம்' வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இவ்வழக்கம் எந்த விதையிலிருந்து முளைத்தது என்பது விளங்கும்.

பதினைந்து கலம் நெல்

கையின் வேலை கல்லில் ஏறவில்லை என்றேன். கையை உடையவன் ஒருமுறை ஏறியிருக்கிறான். காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள பெருமாள் கோயிலில், வீரராசேந்திரனின் 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (ஏறத்தாழ 1068) ஒன்று உண்டு. அக்கோயிலைச் சார்ந்து வீரசோழன் என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை இயங்கிய செய்தியை அது தருகிறது. மருத்துவர் ஒருவர், சல்லியக்கிரியை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்ந்து அடுபவர் இருவர், நோயாளரைப் பேணும் பெண்கள் இருவர், நாவிதன் ஒருவன், நீர் கொணர்பவன் ஒருவன் என்று பணியாளர் பட்டியல் நீள்கிறது.

இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்களும் உண்டு. பலாகேரண்ட தைலம், பஞ்சக தைலம், பூண்டும் ஆமணக்கும் சேர்ந்த லசுநாத்யேரண்ட தைலம், உத்தம கர்ணாதி தைலம் எனத் தைலங்கள் மட்டும் நான்கு. அதே கோயிலின் கல்விச்சாலையில் தங்கிப் படித்த மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் தேய்த்துக் குளிக்க எண்ணெயும் ஒதுக்கப்பட்டிருந்தது. விடுதி மாணவனின் சனிக்கிழமை எண்ணெய்க்கு ஓர் அரசாணையில் இடம் இருந்த காலம் அது!

ஊதியத்தைப் பாருங்கள். பட்டராகிய தலைமை மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். நாவிதனுக்கு 15 கலம் நெல். காசு இல்லை. மருத்துவரின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. நாவிதனின் பெயர் இல்லை. ஆறில் ஒரு பங்கு நெல்லும் பெயரின்மையும் அவனுக்கு எழுதப்பட்டவை. நோயாளியின் உடம்போடு நாளெல்லாம் புழங்கியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால் பட்டியலின் அடிப்பகுதியில் இருப்பவர்களே நம் கண்முன் வருகிறார்கள்.

பக்கத்தில் நிற்பவன்

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தை நான்கு உறுப்பாக வகுத்து முடிகிறது: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நான்காவதான 'உழைச்செல்வான்' என்பதை வகுப்பில் விளக்கும்போது, மருந்தை இயற்றுபவன், உதவியாள், இக்காலச் செவிலி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். 'உழை' என்பது பக்கம். பக்கத்தில் செல்பவன் என்பதே சொல்லின் நேர்பொருள். மருத்துவன் வந்து பார்த்துப் போவான். பக்கத்தில் இருப்பவன் வேறொருவன். அவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக, தீர்ப்பானுக்கு இணையான வரிசையில் வைத்தார் வள்ளுவர்.

எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதிகளில், முடிதிருத்தும் சமூகத்தைப் பற்றிய பகுதியில், இச்சமூகத்து ஆண்கள் முடிதிருத்துபவர்களாகவும் வைத்தியர்களாகவும், பெண்கள் மருத்துவச்சிகளாகவும் இருப்பதைப் பதிவு செய்கிறார். பின்னாளில் வசைச்சொல்லாகவே ஆகிவிட்ட 'அம்பட்டன்' என்ற பெயருக்கு அவர் கேட்டறிந்த விளக்கம் ஒன்றையும் தருகிறார்: அருகில் நிற்பவன். முகம் மழிக்கவும் நோய் தீர்க்கவும் அருகே நிற்பவன் என்று பொருள் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சொற்பிறப்பு மொழியியலுக்கு உடன்பாடானதா என்பது வேறு விவாதம். மக்கள் தம் தொழிலை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அது சான்று. உழைச்செல்வானும் அருகில் நிற்பவனும் ஒருவனே. வள்ளுவர் இருக்கை கொடுத்தார்; ஊர் கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை? மனு நூல் அம்பட்டர் என்ற பிரிவினருக்கு மருத்துவத்தைத் தொழிலாக விதித்தது. அதே நூல் மருத்துவன் தரும் உணவை ஏற்கலாகாது என்றும், சிராத்தத்தில் அவனை அழைக்கலாகாது என்றும் சொன்னது. பிறருடைய சீழும் குருதியும் வியர்வையும் முடியும் நகமும் பட்ட கை தூய்மையற்றது என்ற எண்ணமே இதன் அடி. ஆனால் திருமுக்கூடல் மருத்துவர் ஒரு பட்டர் என்பதையும் மறக்கக் கூடாது. நாடி பார்த்து மருந்து சொல்வது உயர்ந்தோர்க்கு ஆகிவந்தது. தேய்ப்பதும் பிடிப்பதும் கீறுவதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் கீழே தள்ளப்பட்டன. அறிவு ஒருபுறமும் தொடுகை மறுபுறமுமாக மருத்துவம் இரண்டாகப் பிளந்தது.

இப்போது திருமழபாடிக் கருவறைக்குத் திரும்பிப் பாருங்கள். சிவலிங்கத் திருமேனிக்கு முதலில் எண்ணெய்க்காப்பு. பிறகு எண்ணெய்ப் பசை நீங்க மாப்பொடி, மஞ்சள். பிறகு பாலும் தயிரும் நீரும். துவட்டி, ஆடை உடுத்தி, சந்தனம் சாத்தி, அமுது படைக்கிறார்கள். திருமஞ்சனத்தின் இவ்வரிசை அப்படியே ஒரு மனிதனின் எண்ணெய் முழுக்கின் வரிசை. வைத்தியநாதரின் மேனியைத் தொட்டுத் தேய்க்கும் உரிமை பரம்பரைப் பெருமையாகக் காக்கப்பட்டது. வைத்தியநாதரை நாடி வந்த நோயாளியின் மேனியைத் தொட்டுத் தேய்த்தவனோ தொட்டதாலேயே தாழ்ந்தான். செயல் ஒன்று, எண்ணெய் ஒன்று. கல்லைத் தொட்ட கைக்கும் சதையைத் தொட்ட கைக்கும் இடையே இவ்வளவு தொலைவை வைத்தது நம் சமூகம்.

கடல் கடந்த சொல்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். 1759இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது என்பவர் இங்கிலாந்து சென்று, 1810களில் பிரைட்டன் கடற்கரை நகரில் நீராவிக் குளியலும் உடல்பிடிப்பும் சேர்ந்த நிலையம் ஒன்றை நிறுவினார். பிடிப்பது, அழுத்துவது என்ற பொருளுடைய 'சாம்ப்போ' என்ற இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து பிறந்த 'ஷாம்பூயிங்' என்பதே அத்தொழிலின் ஆங்கிலப் பெயர். அதன் பயன்களை விளக்கி 1822இல் நூலொன்றும் எழுதினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரு மன்னர்களுக்கும் ஷாம்பூயிங் மருத்துவராக அமர்த்தப்பட்டார். உள்ளூரில் ஏவல் வேலையாக இருந்தது அங்கே அரண்மனைப் பதவியாயிற்று.

காலப்போக்கில் சொல்லின் பொருள் உடம்பிலிருந்து தலைக்குச் சுருங்கி, பிடிப்பதிலிருந்து கழுவுவதற்கு மாறி, கடைசியில் ஒரு திரவத்தின் பெயராகிவிட்டது. 1980களில் கடலூர்ப் பக்கத்துத் தொழில்முனைவோர் அதைச் சிறு பைகளில் அடைத்து ஊரெல்லாம் பரப்பியபோது, சொல் தன் நாட்டுக்கே திரும்பி வந்திருந்தது. கை மட்டும் வரவில்லை. சீயக்காய் தேய்த்துவிட இன்னொருவர் வேண்டும், ஷாம்பூவுக்கு வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் சுவீடனைச் சேர்ந்த பெர் ஹென்ரிக் லிங் (1776–1839) உடற்பயிற்சி மருத்துவத்தை வகுத்தார். தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் முதலிய செயல்களுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பிரெஞ்சுப் பெயர்கள் டச்சு மருத்துவர் மெட்ஸ்கருடன் (1838–1909) இணைத்துச் சொல்லப்படுகின்றன. நம் ஒன்பது வினைகளை அவற்றின் அருகே வைத்துப் பார்த்தால் பட்டியலில் நாம் குறைந்தவர்கள் அல்லர் என்பது தெரியும்.

இன்னொரு செய்தி முக்கியமானது. 1894இல் இலண்டனில் 'மசாஜ்' நிலையங்கள் பலவும் விபசார விடுதிகளே என்ற குற்றச்சாட்டு எழுந்து, தொழிலுக்கே இழுக்கு வந்தது. அவ்வாண்டில் செவிலியர் நால்வர் பயிற்சி பெற்ற உடல்பிடிப்பாளர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். மருத்துவர் வழிகாட்டுதலின்றிச் செய்வதில்லை, மருத்துவ இதழ்களில் அன்றி விளம்பரம் செய்வதில்லை, நோயாளிக்கு மருந்து விற்பதில்லை என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். தேர்வு நடத்தினார்கள். 1920இல் அரச பட்டயம் கிடைத்தது. இன்றைய பிரிட்டிஷ் இயன்முறை மருத்துவர் சங்கம் அந்த நால்வரிலிருந்து வளர்ந்ததே. தொட்டவர்கள் தாமே முன்வந்து தம் தொழிலை எழுதினார்கள், மதிப்பு வந்தது.

சுவடி பெற்ற மதிப்பு

இங்கே நடந்தது வேறு. 1921இல் சென்னை அரசு உஸ்மான் தலைமையில் அமைத்த குழு 1923இல் நாட்டு மருத்துவம் குறித்த அறிக்கையை அளித்தது. 1924இல் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி உருவானது. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி, 2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று வளர்ச்சி தொடர்ந்தது. நம் மருத்துவம் அழியாமல் நின்றதற்கு இந்நிறுவனங்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனால் நவீனத்தின் முன் தன்னை மெய்ப்பிக்க வேண்டிய நெருக்கடியில் நாட்டு மருத்துவம் சுவடிகளையே சான்றாக எடுத்து நீட்டியது. தஞ்சை சரசுவதி மகாலின் சரபேந்திர வைத்திய முறைகள் போன்றவை அச்சேறின. மருந்தின் எடையும் அளவும் எழுத்தில் நிற்கும். எந்தத் தசையில் எவ்வளவு அழுத்தம், எப்போது கையைத் தளர்த்துவது என்பது எழுத்தில் நில்லாது. குமரிப் பகுதி வர்ம ஆசான்களின் கலை ஓரளவு கல்லூரிக்குள் வந்தது. முடிதிருத்தும் கடையில் சுளுக்கு நீவியவரின் கலையும், பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்து இடுப்பைக் கட்டிய மருத்துவச்சியின் கலையும் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிட்டன.

அச்சமூகத்தார் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களில் அந்த நினைவு மட்டும் எஞ்சியிருக்கிறது. தமிழ்நாடு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நாவிதர் என்பதோடு 'மருத்துவர்' என்றும் 'பிராணோபகாரி' என்றும் பெயர்கள் உள்ளன. உயிருக்கு உதவுபவன்! சாதிச் சான்றிதழில் அன்றி வேறெங்கும் அப்பெயரை நாம் இன்று கேட்பதில்லை.

இதற்கிடையே நகரங்களில் 'ஸ்பா'க்கள் பெருகின. 1894 இலண்டனின் கதை இங்கும் நடக்கிறது. 2021 டிசம்பரில் இந்நிலையங்களுக்குள் கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு சொன்னது. 2022 ஜனவரியில், அவ்வாறு வைப்பது தனியுரிமைக்கு எதிரானது என்று அதே நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு சொன்னது. தொடுகையை அழுக்கு என்று பார்த்த பழைய கண்ணும், ஆபாசம் என்று பார்க்கும் புதிய கண்ணும் வெவ்வேறு அல்ல. இரண்டுக்கும் நடுவே மருந்தாகிய தொடுகையைப் பார்க்கும் கண்ணை நாம் வளர்த்துக்கொள்ளவில்லை.

அக்கண் இருந்தால் தொக்கணத்துக்குச் செல்பவர் எதை எதிர்பார்க்கலாம் என்பதும் தெளிவாகும். தொடுமுன் கேட்பவர் வேண்டும். எந்த எண்ணெய், எதற்காக என்று சொல்பவர் வேண்டும். தேவையற்ற இடத்தை ஆடையால் மூடிவைப்பவர், ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் வேண்டுமென்றால் மதிப்பவர், செய்யலாகாத நோயில் செய்யமாட்டேன் என்று மறுப்பவர் வேண்டும். இவை உயர்ந்த விடுதிகளில் காசுக்குக் கிடைக்கும் சலுகைகள் அல்ல, உழைச்செல்வானின் இலக்கணம். நாமும் அவருக்குத் திருப்பித் தர வேண்டியது ஒன்றுண்டு. வேலை முடிந்ததும் காசை எறிந்துவிட்டு எழுந்து போகாமல், மருத்துவரிடம் பேசுவதுபோல் பேசுவது.

திருமழபாடியில் சுவரை இடிக்கும் முன் எழுத்தைப் படியெடுத்தார்கள். இன்று நம் கண்ணெதிரே சரிந்துகொண்டிருப்பது வேறொரு சுவர். சுளுக்கு நீவத் தெரிந்த முதியவரும், பிரசவித்த பெண்ணுக்கு வயிறு பிடித்துவிடத் தெரிந்த பாட்டியும் ஊருக்கு ஒருவர் இருவர் என்றே மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள், எந்தச் சொல்லால் அதைக் குறிக்கிறார்கள், யாரிடம் கற்றார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியிலேயே குறித்து வைப்பது இலக்கியம் படித்த நமக்கு இயலாத வேலையன்று. நண்பர்கள் தத்தம் ஊரில் கேட்டு எழுதினால் இங்கே தொகுக்கலாம். குறிக்கும்போது முறையை மட்டுமன்றி, அவர்கள் இசைந்தால், பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். திருமுக்கூடல் கல்வெட்டில் விடுபட்டது அதுதான்.